இரும்பு மனிசனுக்கு மூச்சு எங்கால வருது

ஜூன் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் ஆறு மணி பத்து நிமிடம். வாடகைக்கு ஓடிய வானில் இருக்கை ஒன்பது, ஆள் ஒன்று.

அத்தான், அந்த ஓர் ஆள் நான். உங்களுடைய இருக்கையில் இருக்கிறேன். வான் எங்கள் ஊர் இறக்கக்கண்டியில், வீட்டு வாசலில், நீங்கள் எப்போதும் விடுகிற மாதிரி முகம் றோட்டைப் பார்த்தபடி நிற்கிறது. அக்காவும் பிள்ளை மதுராவும் உள்ளே போய்விட்டார்கள். நான் இறங்கவில்லை. கதவுப் பையில் கையை விட்டேன். காய்ந்த தோடம்பழத் தோல் அகப்பட்டது. வாடகைக்கு ஏறி வந்து தலை சுற்றுகிற ஹயர்காரர்களுக்கு மணக்கக் கொடுக்கவென்று நீங்கள் உரித்து வைத்தது. மரப்பட்டை மாதிரி இறுகிப்போய்க் கிடக்கிறது. நகத்தால் கீறினால் இன்னும் மணக்கிறது. தோலுக்குள் இருக்கிற எண்ணெய் லேசில் போகாது, அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதத் தொடங்கியது அந்த மணத்தால்தான்.

வானை விற்பது அக்காவின் முடிவு. நானும் ஓம் என்றுதான் சொன்னேன். நான் வளைத்துக் கதைக்கிறவன் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். நிறுத்தி வைத்த டீசல் வண்டி நின்ற இடத்திலேயே பழுதாகும். பற்றரி இறங்கும், இறப்பர் காயும், தாங்கிக்குள் தண்ணீர் சேரும். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்கு மின்சார வேலை பார்க்கிற எனக்கு, ஓடாத இயந்திரம் ஒன்றை வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. அக்காவின் காரணம் வேறு. அவளுக்கு அதைப் பார்க்க ஏலாது. காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது வானைச் சுற்றிக்கொண்டு வேலியோரமாகத்தான் நடப்பாள். நீங்கள் எங்களை விட்டுப் போன புரட்டாதிக்குப் பிறகு அதன் கதவில் அவளுடைய கை பட்டதில்லை. கிண்ணியாவில் ஒருவர் வாங்கக் கேட்டிருந்தார். வாற திங்கள் வரச்சொல்லலாமா என்று நான் கேட்டபோதுதான் மதுரா குறுக்கே வந்தாள்.

"விக்கிறதெண்டா வில்லுங்கோ. அதுக்கு முதல் எங்கட சனி ஞாயிறு போகவேணும்."

"அப்பா இல்லாமல் என்ன சனி ஞாயிறு, பிள்ளை?" என்றாள் அக்கா.

"அப்பா ஒண்டு கேட்டவர். இரும்பு மனிசனுக்கு மூச்சு எங்கால வருது எண்டு பாத்துச் சொல்லச் சொன்னவர். நான் இன்னும் சொல்லேல்ல."

எட்டு வயதுப் பிள்ளை. அழவில்லை, கெஞ்சவில்லை. வேலை ஒன்று முடியாமல் கிடக்கிறது என்கிற மாதிரிச் சொன்னாள். அக்கா, "கோட்டைக்குள்ள மட்டும் போகக்கூடாது" என்றாள். அது ஓம் என்பதற்கு அவளுடைய சொல்.

எங்கட சனி ஞாயிறு. அந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தானே. வருடம் முழுக்க மற்றவர்களின் சனி ஞாயிறை ஓட்டுகிற மனிதர் நீங்கள். கொழும்பிலிருந்து வருகிற குடும்பங்கள், உப்புவெளி விடுதிகளில் தங்குகிற வெள்ளைக்காரர்கள். திமிங்கிலம் பார்க்கப் படகுத்துறைக்கு, கோயிலுக்கு, கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்கு என்று ஏற்றி இறக்குவீர்கள். வருடத்தில் ஒரு சனி ஞாயிறு மட்டும் ஹயர் எடுக்க மாட்டீர்கள். எங்களை ஏற்றிக்கொண்டு திருகோணமலை நகரத்துக்குப் போவீர்கள். இங்கிருந்து அரை மணித்தியாலம்! அங்கே அறை எடுத்து, கடையில் சாப்பிட்டு, வெளியூர்ச்சனம் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு சுற்றவேண்டும்.

"வீடு பக்கத்தில இருக்க அறை எடுக்கிற விசர் வேற எங்கையும் இருக்கோ, அத்தான்?" என்று முதல் வருடம் கேட்டேன்.

"தம்பி, சனம் எங்கெங்கயோ இருந்து வந்து பாக்குது. என்ர பிள்ளை ரவுணில பஸ் ஸ்ராண்டையும் ஆசுப்பத்திரியையும் மட்டும்தானே பாத்திருக்கிறாள்."

நான் வானில் ஏறிக்கொண்டேன். ஆனால் நகரத்துக்குப் போன பிறகு நீங்கள் செய்த வேலை இருக்கிறதே, அது ஹயர் ஓடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் வராத பிழை.

துறைமுகப் பக்கம் ஒல்லாந்தர் காலத்து வீடு ஒன்றில் இருக்கிற கடல் அருங்காட்சியகம். முன்னால் பெரிய வாகை மரம். நிழலில் வானை விட்டீர்கள். இறங்கி வந்து பக்கக் கதவை இழுத்துத் திறந்தீர்கள். கையைக் கட்டிக்கொண்டு, "வடிவாப் பாத்திட்டு வாங்கோ. அவசரமில்லை. நான் இங்கதான் நிப்பன்" என்றீர்கள்.

அக்கா இறங்கியவள் அப்படியே நின்றாள். "நீங்கள் வரேல்லையோ?"

"நானோ?"

உண்மையாகவே திகைத்துப் போனீர்கள். அந்த வாசலுக்கு எத்தனையோ பேரைக் கொண்டுவந்து இறக்கிய ஆள், அதற்குள் தானும் போகலாம் என்பது அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காதில் விழுந்தது போல.

"வண்டியை ஆர் பாக்கிறது?"

"வண்டிக்குப் பூட்டு இருக்கு" என்றேன் நான்.

"இந்த மனிசன் எங்களையும் ஹயர் எண்டு நினைச்சிட்டுது!" என்று அக்கா சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் வரவில்லை. எனக்கு நின்று மன்றாடப் பொறுமை இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சாப்பாட்டுக் கடையிலும் அதே கதை. கொத்துரொட்டிக்குப் பெயர்போன கடை. எங்களை மின்விசிறிக்குக் கீழே இருத்திவிட்டு ஆளைக் காணவில்லை. தேடிப் போனால் குசினிக்குப் பின்னால், கவிழ்த்த பெட்டி ஒன்றில் இருக்கிறீர்கள். ஹயர் கொண்டுவருகிற சாரதிக்குக் கடைக்காரர் பின்னால் வைத்துச் சாப்பாடு கொடுப்பது வழமை. கால் தன்பாட்டில் அங்கே போய்விட்டது.

"இண்டைக்கு ஆரைக் கொண்டு வந்தீங்க, தம்பி?" என்று கேட்டார் கொத்துப் போடுகிற முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் அவர் நானா.

"என்ர மனிசியையும் பிள்ளையையும்."

நானாவின் கையில் இருந்த தகடு தட்டுவதை நிறுத்தியது. "பொறகு இங்க என்னத்துக்கு வந்தீங்க? ஓடுங்க முன்னுக்கு! அந்தப் புள்ளைக்கிப் பக்கத்தில போய் இரிங்க!"

குசினி முழுக்கச் சிரித்தது. முன்னால் வந்து இருந்தீர்கள். முழங்கை மேசையில் படாமல், கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியார் இருக்கிற மாதிரி இருந்தீர்கள். கோப்பைச் சாப்பாட்டில் பாதியை மிச்சம் விட்டீர்கள். பிறகு கைகழுவப் போகிறேன் என்று பின்னால் போய் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள். எனக்குத் தெரியும், மீசையில் குழம்பு இருந்தது.

அந்த முதல் வருடம் மதுராவுக்கு ஐந்து வயது. அருங்காட்சியகத்தை விட்டு நாங்கள் வெளியே வந்தபோது வானின் கதவு திறந்திருந்தது, உள்ளே ஏசி ஓடிக் குளிர்ந்திருந்தது. நீங்கள் அவளுடைய உயரத்துக்குக் குனிந்தீர்கள்.

"என்ன பாத்தனீங்கள், மகாராணி?"

"இரும்பு மனிசன் ஒராள் நிக்கிறார். பெரிய தலை. கண்ணாடிக் கண். அவர் கடலுக்குக் கீழ நடக்கிறவர்."

"அது சுழியோடிகளின்ர உடுப்பு. தலை இரும்பில்லை, பித்தளை. உள்ளுக்கு ஆள் இல்லை" என்று நான் திருத்தினேன்.

"நீ பொறு, தம்பி. உன்னட்டக் கேக்கேல்ல. அவள் சொல்லட்டும்."

அவள் சொன்னாள். உப்புவெளி தாண்டும்வரை சொன்னாள். நீங்கள் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு ஓட்டினீர்கள். அடுத்த வருடம் போனபோதுதான் தெரிந்தது, இடையில் நீங்கள் ஏற்றிய ஹயர்காரர் எல்லோருக்கும் அந்த இரும்பு மனிதனைச் சொல்லியிருக்கிறீர்கள். 'உள்ளுக்கு ஒரு இரும்பு மனிசன் நிக்கிறார், கட்டாயம் பாருங்கோ' என்று. அவர்களும் போய்த் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"ஒரு நாளும் பாக்காததை எப்பிடிக் கூசாமல் சொல்லுறீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் போய்ப் பாத்தா ஒரு மியூசியம்தான், தம்பி. வெளியில நிண்டா வாற ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு கொண்டு வருகினம்."

"இது நல்ல சாட்டு."

"ஓம். காலும் நோகும்" என்றீர்கள்.

போன வருடம் ஆவணியில், கடைசி முறை, புறப்படும்போது அவளுக்கு ஒரு வேலை கொடுத்தீர்கள். "மகாராணி, அடுத்த முறை வரேக்க, அந்த இரும்பு மனிசனுக்கு மூச்சு எங்கால வருது எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ. ஒரு வெள்ளைக்காரன் கேட்டிட்டான். எனக்கு மறுமொழி தெரியேல்ல. மானம் போச்சு." நான் வாயைத் திறந்தேன். குழாய், காற்றுப் பம்பி, அழுத்தம், எல்லாம் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விசயம். நீங்கள் ஒரு விரலை உயர்த்தினீர்கள். வாயை மூடினேன்.

அடுத்த மாதமே நீங்கள் போய்விட்டீர்கள்.

கோட்டைக்குள், கோயிலுக்கு ஏறுகிற வழியில், வாகனங்கள் விடுகிற இடம். கொழும்பிலிருந்து வந்த குடும்பம் ஒன்றை இறக்கிவிட்டு இருக்கையைச் சாய்த்துப் படுத்திருக்கிறீர்கள். அவர்கள் சாமி கும்பிட்டு இறங்கி வந்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஆசுப்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்ல நித்திரை எண்டு நினைச்சிட்டம், தம்பி. விடியக் காலமை எங்களுக்காக எழும்பி வந்த மனிசன், கொஞ்சம் படுக்கட்டும் எண்டு விட்டிட்டம்." பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து, மான் காட்டி, சத்தம் போடவேண்டாம் என்று அடக்கி, உங்களுடைய நித்திரைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். எனக்குக் கோபிக்க ஒருவரும் இல்லாமல் போனதும் அதனால்தான்.

இதயம் நின்றிருக்கிறது, நேரத்தோடு தட்டியிருந்தாலும் பயன் இருந்திராது என்று டொக்டர் சொன்னார். நம்புகிறேன். ஆனால் நான் அங்கே நின்றிருந்தால் தட்டியிருப்பேன், அத்தான். உங்களை ஒரு நாளும் நித்திரை கொள்ள விடாத ஆள் நான்தானே. "எழும்புங்கோ, நேரம் போகுது" என்று கண்ணாடியில் அடித்திருப்பேன். என்னுடைய அவசரத்தால் யாருக்காவது ஒரு பிரயோசனம் வந்திருக்கக்கூடிய அந்த ஒரு நாளில், நான் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஒன்றின் உச்சியில் கம்பி பொருத்திக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் வானை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். இருக்கை சாய்ந்தபடியே இருந்தது. பக்கத்தில் இருக்கிற பிடியை இழுத்தால் நிமிரும். இழுக்கவில்லை. விளிம்பில் குந்தி, முதுகு எதிலும் படாமல் இறக்கக்கண்டி வரை ஓட்டிவந்தேன். பிறகு பற்றரிக்காக இடைக்கிடை இயந்திரத்தை ஓடவிட்ட நேரமும் அப்படித்தான் இருந்தேன். புத்தியான வேலை இல்லை. தெரியும்.

நேற்றுக் காலை புறப்படும்போதும் அப்படியே ஏறிக் குந்தினேன். அக்கா வானின் கதவடியில் வந்து நின்றாள். பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். பிறகு ஒரேயடியாக ஏறி, கடைசி வரிசைக்குப் போய், மூலையில் இருந்தாள். மதுரா என்னுடைய பக்கத்துக் கதவடிக்கு வந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா, இப்பிடி இருந்து ஓடினா முதுகு நோகும்."

சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டுப் பிடியை இழுத்துவிட்டாள். இருக்கை டொக் என்று நிமிர்ந்து என் முதுகில் அடித்தது. அந்தச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். கண்ணாடியில் பார்த்தேன். அக்கா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் வானை எடுத்தேன்.

சந்தோசமாகத் திரியப் போன பயணம் என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நீங்கள் வைத்த ஒழுங்கை விடவில்லை. அதே விடுதியில் அறை. மீன் சந்தையில் ஒரு சுற்று. பின்னேரம் கடற்கரையில் கடலைச் சுண்டல். வானைக் கடற்கரையோரம் விட்டுக் கதவைத் திறந்ததும் இரண்டு மான்கள் வந்தன. நேரே உங்களுடைய கதவுப் பைக்குள் மூக்கை விட்டன. மான்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை போல. மதுரா கொண்டுவந்த தோடம்பழத்தை உரித்துத் தோலைக் கொடுத்தாள். "இதுகள் ஆளை மறந்தாலும் வானை மறக்காதுகள்" என்றாள் அக்கா. காலையில் இருந்து அவள் தானாகக் கதைத்த முதல் கதை அது.

இரவுச் சாப்பாட்டுக்கு அதே கடை. நான் அக்காவோடும் மதுராவோடும் முன்னால் இருந்தேன். நானா எட்டிப் பார்த்தார், வாசலில் நின்ற வானைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உங்களைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"வானை ஓட்டிக்கொண்டு வந்தது நீங்களா, மகன்?"

"ஓம், நானா."

"அப்ப இங்க என்ன செய்றீங்க? ஓட்டினவர் பின்னுக்குத்தான் சாப்பிடோணும். எழும்புங்க."

எழும்பிப் போனேன். அதே பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். சோற்றைக் குவித்து, மீன் தலையை வைத்து, கிளறிப் பார்த்தால் கீழே பொரித்த முட்டை ஒன்று ஒளித்திருக்கிறது. "முன்னுக்குப் போற கறி வேற. இது எங்கட கறி" என்றார். அத்தான், நீங்கள் முன்னால் பாதி கோப்பையை மிச்சம் விட்டதற்குக் கூச்சம்தான் காரணம் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சாப்பாடு திறம்! இதை எங்களுக்கு ஒரு வருடமும் சொல்லவில்லையே நீங்கள். சிரிப்பு வந்தது. பிறகு மீன் முள் சிக்கிய மாதிரி இருமிக்கொண்டு தண்ணீர் குடித்தேன். நானா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார்.

இன்று அருங்காட்சியகம். நான் ஒரு திட்டத்தோடுதான் போனேன். வானைப் பூட்டுவது, மூன்று பேருமாக உள்ளே போவது, நீங்கள் விட்ட பிழையை நாங்கள் விடாமல் இருப்பது. வாகை மரத்தடியில் வேறொரு வான் நின்றது. அதன் சாரதி எங்களுடைய வானைக் கண்டதும் ஒன்றும் கதைக்காமல் தன்னுடையதை எடுத்து வெயிலுக்குள் விட்டார். "அது அவற்ற இடம்" என்று மட்டும் சொன்னார். நான் நிழலில் விட்டேன். இறங்கினேன். பூட்டப் போனேன்.

"மாமா, நீங்கள் வராதீங்கோ" என்றாள் மதுரா.

"ஏன்?"

"நீங்களும் வந்தா, வெளியில வந்து நான் ஆருக்குச் சொல்றது?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"நீங்கள் வந்தா உள்ளுக்கேயே சொல்லிப்போடுவீங்கள்" என்றாள் மதுரா திரும்பவும். உண்மை. சொல்லித்தான் போடுவேன்.

"நில்லன்டா. பிள்ளை கேக்குதெல்லே" என்றாள் அக்கா. அவளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு நிற்கத் தெரியாது. ரயரைப் பார்த்தேன், எண்ணெய் பார்த்தேன், கண்ணாடி துடைத்தேன், போனை எடுத்தேன், வைத்தேன். உள்ளே அவள் எந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்பாள் என்று எனக்குத் தெரியும்; அவளுக்கு அது எப்படித் தெரிகிறது என்பது தெரியாது. வெயிலில் நின்ற சாரதி வந்து, "என்ன ஹயர்?" என்று கேட்டார்.

"அக்காவும் மகளும்."

"அப்ப ஹயர் இல்லையே."

"ஹயர்தான்" என்றேன். அவர் விளங்கின மாதிரித் தலையாட்டினார். அவர்கள் வாசலில் தெரிந்ததும் அவர்தான் சொன்னார்: "கதவைத் திறந்து விடுங்கோ, தம்பி. ஏசியைப் போடுங்கோ. வருகினம்."

திறந்தேன். போட்டேன். குனிந்தேன். "என்ன பாத்தனீங்கள்?" என்று கேட்டேன். அந்த 'மகாராணி' வாயில் வரவில்லை.

மதுரா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "மூச்சு மேல இருந்து வருது, மாமா. நீளக் குழாய். மேல படகில ஒராள் நிண்டு சில்லைச் சுத்திக்கொண்டே இருக்கவேணும். கீழ போனவர் வடிவாச் சுத்திப் பாத்திட்டு வாறமட்டும் அவர் விட்டிட்டுப் போகேலாது. கீழ என்ன இருக்கெண்டு அவருக்கு ஒண்டும் தெரியாது."

எல்லாம் சரி. திருத்துவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்று, "அப்ப மேல நிக்கிறவர் பாவம். ஒண்டும் பாக்கேலாதே" என்றேன்.

"வந்த உடனை சொல்லுவினம்தானே!" என்றாள். இது கூடத் தெரியாதா என்கிற மாதிரிப் பார்த்துவிட்டு வானில் ஏறினாள்.

அக்கா பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கடைசி வரிசைக்குப் போகவில்லை. சுற்றி வந்து முன் கதவைத் திறந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"கோட்டைக்குள்ள விடு."

"நீதானே வேண்டாமெண்டனி?"

"இப்ப விடெண்டு சொல்லுறன்."

விட்டேன். வாகனங்கள் நிற்கிற இடத்துக்கு வந்ததும், "எந்த இடம்?" என்று கேட்டாள். காட்டினேன். அங்கே வேறு வாகனம் நிற்கவில்லை. இறங்கிப் போய் அந்த இடத்தில் நின்றாள். நிலத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்ல நிழல்" என்றாள்.

"ஓம்."

"காத்தும் வருது."

"ஓம் அக்கா. கடல் பக்கம்தானே."

"வெயிலுக்குள்ள கிடந்தவர் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றாள்.

அத்தான், இத்தனை மாதமும் அவள் உங்களைப் பூட்டின வண்டிக்குள், கொதிக்கிற வெயிலில் கிடத்தி வைத்திருக்கிறாள். வானைக் கண்டாலே வேலியோரம் ஒதுங்கியது அதற்குத்தான். அவளும் கேட்கவில்லை, மரத்தடி என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவும் இல்லை. இரண்டு சொல் கதை. எல்லாவற்றையும் உடனுக்குடன் திருத்துகிற நான் இதை எப்படித் தவறவிட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை.

மதுரா இறங்கிப்போய்த் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் வந்து ஏறினார்கள். இனி வானை விற்க வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். பிழை.

"நாளைக்கு அந்தாளை வரச்சொல்லு. விப்பம்" என்றாள். "வேற ஆரும் பிழைக்கட்டும். சும்மா நிண்டு பழுதாப் போறதுக்கு அவர் வாங்கேல்ல."

மதுரா அழுவாள் என்று நினைத்தேன். அதுவும் பிழை. சாம்பல்தீவு கடந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"அப்ப அடுத்த வருசம் பஸ்ஸிலையோ போறது?"

"ஓம்" என்றேன்.

"நீங்கள் எங்க நிப்பீங்கள்?"

"அதே மரத்துக்குக் கீழ."

"வான் இல்லாமலோ?"

"வான் இல்லாமல்."

"அப்ப கேள்வி? அப்பா எண்டா போகேக்க கேள்வி தந்திட்டுத்தான் வெளிக்கிடுறவர்."

எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை, அத்தான். வந்ததெல்லாம் எனக்கு மறுமொழி தெரிந்த கேள்விகள். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

இப்போது நன்றாக இருட்டத் தொடங்கிவிட்டது. அக்கா சாப்பிடக் கூப்பிடுகிறாள். இனி நான் செய்யப்போவது இதுதான்.

1. நாளைக் காலை கிண்ணியாக்காரர் வரமுதல் வானைக் கழுவுவேன். முன் சில்லில் ஒரு முனகல் இருக்கிறது; மறைக்காமல் சொல்வேன்.

2. இருக்கையை நிமிர்ந்தபடியே கொடுப்பேன்.

3. தோடம்பழத் தோலில் ஒரு துண்டை எடுத்துக்கொள்வேன். மிச்சம் பைக்குள்ளேயே இருக்கட்டும். அவருக்கும் தலை சுற்றுகிற ஹயர் வரும், மானும் வரும்.

4. அன்றைக்கு வானின் யன்னல் கண்ணாடி பாதி இறக்கியிருந்தது என்பதையும் இன்றிரவே அக்காவுக்குச் சொல்வேன். அவள் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

5. எங்கேயாவது வாகனத்துக்குள் ஒருவர் சாய்ந்து கிடக்கக் கண்டால் கண்ணாடியில் தட்டுவேன். நித்திரை குழம்பி எழும்பி என்னை ஏசட்டும்.

6. 'மகாராணி' என்று சொல்லிப் பழகுவேன்.

7. அடுத்த வருடத்துக்கு ஒரு கேள்வி தேடுவேன். எனக்கு மறுமொழி தெரியாததாக.